முதலில் விகிதம், அப்புறம்தான் பெயர்கள்: முதலீட்டுத் தொகுப்பை அமைக்க ஒரு வழிகாட்டி

முதலீடு செய்ய ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எதில் போடலாம்?" என்பதுதான். நண்பர் சொன்னது ஒன்று, வீடியோவில் பார்த்தது ஒன்று, போன வருடம் நன்றாக ஏறியது ஒன்று என்று வாங்கிச் சேர்த்ததில் கொஞ்ச நாளிலேயே கையில் பத்துப் பன்னிரண்டு முதலீடுகள் இருக்கும். இதை எதற்காக வாங்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பாதிக்குப் பதில் வராது. அதைத் தொகுப்பு என்று சொல்ல முடியாது.

பங்கின் பெயரும் ஃபண்டின் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் திட்டம்) பெயரும் கடைசியில் வர வேண்டியவை. இந்தப் பணம் எனக்கு எப்போது தேவைப்படும், அது வரைக்கும் எவ்வளவு குறைந்தால் தாங்கிக்கொள்வேன் என்ற இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் வேண்டும். அதிலிருந்து, பங்கில் எவ்வளவு, கடன் பத்திரத்தில் எவ்வளவு என்ற விகிதம் வரும். எதை வாங்குவது என்பதை அந்த விகிதம் பெருமளவு தீர்மானித்துவிடும்.

தொடங்கும் முன்

கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் மாதிரி அதிக வட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். அந்தக் கடனுக்குப் போகும் வட்டியை எந்த முதலீடும் வருடம் தவறாமல் சம்பாதித்துத் தராது. வீட்டுக் கடன் போன்ற குறைந்த வட்டி, நீண்ட காலக் கடன் வேறு விஷயம். அதைக் கட்டிக்கொண்டே முதலீடும் செய்யலாம்.

அடுத்தது அவசர கால நிதி. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம், கேட்ட அன்றைக்கே எடுக்கும்படி இருக்க வேண்டும். வருமானம் நிலையில்லாத தொழில் என்றால் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. இந்தப் பணம் வட்டி குறைவாக ஈட்டுகிறதே என்று வருந்த வேண்டாம். சந்தை விழுந்து கிடக்கும் நேரத்தில் வேலையும் போனால், பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்காமல் காப்பாற்றப் போவது இதுதான். உங்கள் வருமானத்தை நம்பிக் குடும்பம் இருந்தால் ஆயுள் காப்பீடும், எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தேதி

ஒரு தாளை எடுத்து, எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில் எந்த வருடம் தேவை, இன்றைய விலையில் எவ்வளவு தேவை என்று எழுதுங்கள். பிள்ளையின் படிப்பு, வீட்டுக்கு முன்பணம், ஓய்வுக்காலம் என்று மூன்று நான்கு வரிகள்தான் வரும். இன்றைய விலை என்று எழுதியதோடு விட்டுவிடக் கூடாது. பணவீக்கம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகும். 72ஐ பணவீக்க விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

இனி தேதியைப் பாருங்கள். மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தில் ஒரு காசு கூடப் பங்குச் சந்தைக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வைப்பு நிதியோ குறுகிய காலக் கடன் பத்திரமோ போதும். மூன்றிலிருந்து ஏழு வருடம் என்றால் கொஞ்சம் பங்கு கலக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் என்றால் பங்கு பெரும்பகுதியாக இருக்கலாம். ஏன் இவ்வளவு கறார் என்பதற்குச் சில தேதிகளைப் பார்த்தால் போதும்.

எவ்வளவு குறைந்தால் தாங்குவீர்கள்?

2007 அக்டோபரில் உச்சத்தில் இருந்த அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு (500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எண்), 2009 மார்ச்சில் சுமார் 57 சதவீதம் விழுந்திருந்தது. பழைய உச்சத்தைத் தொட 2013 மார்ச் ஆனது. 2020இல் கோவிட் வந்தபோது அதே குறியீடு ஐந்தே வாரங்களில் 34 சதவீதம் சரிந்தது. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே மீண்டுவிட்டது. ஒரு சரிவு எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது அதற்குள் இருக்கும்போது யாருக்கும் தெரியாது.

இதைவிடக் கடுமையான பாடம் ஜப்பான். நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,900ஐத் தாண்டி நின்றது. 2009இல் ஏறக்குறைய 7,000க்கு வந்தது. 1989இன் உச்சத்தைக் கடந்தது 2024 பிப்ரவரியில், அதாவது 34 ஆண்டுகள் கழித்து. "நீண்ட காலம் வைத்திருந்தால் பங்கு எப்படியும் ஏறிவிடும்" என்று சொல்பவர்கள் ஜப்பானைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பணம் முழுவதையும் ஒரே நாட்டின் சந்தையில், அதுவும் விலை எகிறிக் கிடக்கும் நேரத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இழப்பின் கணக்கு இன்னொரு வகையிலும் கொடுமையானது. 100 ரூபாய் 50 ஆகிவிட்டால், பழைய நிலைக்கு வர அது 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும்.

அதனால் உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கும்போது சதவீதத்தில் யோசிக்காதீர்கள், தொகையில் யோசியுங்கள். "30 சதவீதம் விழுந்தால் பரவாயில்லை" என்று சொல்வது எளிது. "10 லட்சம் போட்டிருக்கிறேன், ஒரு நாள் திறந்து பார்த்தால் 7 லட்சம் இருக்கிறது, அப்படியே ஒரு வருடம் இருக்கிறது, தினமும் செய்தியில் இன்னும் விழும் என்கிறார்கள்" என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றைக் கலக்குகிறதா? அப்படியென்றால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பங்குச் சந்தை பாதியாகலாம், பத்திரங்கள் அப்படியே நிற்கும் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்வோம். 10 லட்சத்தில் 80 சதவீதம் பங்கு என்றால் மிஞ்சுவது 6 லட்சம். 60 சதவீதம் என்றால் 7 லட்சம். 40 சதவீதம் என்றால் 8 லட்சம். இந்த மூன்றில் எந்த எண்ணைப் பார்த்தும் உங்களுக்குத் தூக்கம் கெடாதோ, அதற்குரிய பங்கு விகிதம்தான் உங்கள் உச்ச வரம்பு. தேதி ஒரு விகிதத்தைச் சொல்லும், மனது ஒரு விகிதத்தைச் சொல்லும். இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எது எதற்காக

பங்கு என்பது தொழில் நிறுவனங்களில் உங்களுக்கு ஒரு சிறு உரிமை. நீண்ட காலத்தில் பணவீக்கத்தைத் தாண்டி வளர்வதற்குத் தொகுப்பில் இருக்கும் முக்கிய இயந்திரம் அதுதான். மேலே சொன்ன சரிவுகள் எல்லாம் அதற்கான விலை.

கடன் பத்திரம் என்பது நீங்கள் அரசுக்கோ நிறுவனத்துக்கோ கொடுக்கும் கடன். இதில் நஷ்டமே வராது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். ஏனென்றால் கூடுதல் வட்டிக்குப் புதிய பத்திரம் கிடைக்கும்போது, குறைந்த வட்டிப் பத்திரத்தைப் பழைய விலைக்கு யார் வாங்குவார்கள்? எவ்வளவு இறங்கும் என்பதை டியூரேஷன் என்ற எண் சொல்லும். டியூரேஷன் 7 உள்ள ஃபண்டில், வட்டி ஒரு சதவீதம் ஏறினால் மதிப்பு சுமார் 7 சதவீதம் குறையும். 2022இல் உலகெங்கும் வட்டி வேகமாக ஏறியபோது பங்கும் பத்திரமும் சேர்ந்தே விழுந்தன. பாதுகாப்புக்காகப் பத்திரம் வாங்குகிறவர்கள் டியூரேஷன் குறைந்த, தரம் உயர்ந்த பத்திரங்களோடு நின்றுகொள்வது நல்லது. கூடுதல் வட்டி தருகிறது என்று தரம் குறைந்த நிறுவனப் பத்திரத்துக்குப் போனால், நெருக்கடி வரும்போது அதுவும் பங்கைப் போலவே நடந்துகொள்ளும்.

தங்கம் வட்டியும் தராது, ஈவுத்தொகையும் தராது. பயம் பரவும் காலங்களில் பல முறை கை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் நீண்ட வறட்சி உண்டு: 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த உச்சத்தைத் தாண்ட 2008 வரை ஆனது. தொகுப்பில் 5 முதல் 10 சதவீதம் வைத்துக்கொள்வதில் தவறில்லை, வைக்காமலே இருப்பதிலும் தவறில்லை. குடியிருக்கும் வீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் தேவைப்படும்போது ஒரு அறையை மட்டும் விற்க முடியாது.

விகிதத்தை முடிவு செய்தல்

வெவ்வேறு விதமாக ஏறி இறங்கும் முதலீடுகளைச் சேர்த்து வைத்தால் மொத்தத்தின் ஆட்டம் குறையும் என்பதை 1952இல் கணித முறையில் எழுதிக் காட்டியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1990இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். தன் ஓய்வூதியச் சேமிப்பை அவர் எப்படிப் பிரித்தார் தெரியுமா? பாதி பங்கு, பாதி பத்திரம். சந்தை ஏறும்போது உள்ளே இல்லையே என்றும், விழும்போது முழுவதும் உள்ளே இருந்துவிட்டோமே என்றும் வருந்தக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். துல்லியமான விகிதத்தைத் தேடி மாதக் கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 60ஆ 65ஆ என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எடுத்த விகிதத்தில் நிலைத்து நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

100இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் பங்குகளில் இருக்க வேண்டிய சதவீதம் என்று ஒரு பழைய விதி உண்டு. 30 வயதுக்காரருக்கு 70 சதவீதம். தொடங்குவதற்கு ஒரு புள்ளியாக அது சரி. ஆனால் அதே 30 வயதுக்காரர் நான்கு வருடத்தில் வீடு வாங்கப் போகிறார் என்றால் அந்தப் பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. வயதைவிடத் தேதி முக்கியம்.

இப்போதுதான் பெயர்கள்

புதியவர்களுக்கு என் பரிந்துரை எளிது: பரந்த சந்தையைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட். ஒரு குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வாங்கி வைப்பதுதான் அதன் வேலை. எது ஏறும் என்று ஊகிக்கும் வேலை அதில் இல்லை, அதனால் செலவும் குறைவு. அமெரிக்காவின் வான்கார்ட் ஃபண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகில் 1976இல் சாதாரண முதலீட்டாளர்களுக்கு இதைக் கொண்டுவந்தபோது 15 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டு 1.1 கோடி டாலர் அளவுதான் கிடைத்தது. அன்று கேலி செய்தார்கள். நீண்ட கால ஒப்பீடுகளில், திறமையாகத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லும் ஃபண்டுகளில் பெரும்பான்மை குறியீட்டை எட்டாமல் பின்தங்குவதைத் தொடர்ந்து பார்க்கிறோம். முக்கியக் காரணம் செலவு.

ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து எடுக்கும் இந்தச் செலவை எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்று ஃபண்டின் தகவல் தாளில் போட்டிருப்பார்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 10 லட்சம், 30 வருடம், ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று வையுங்கள்: 76 லட்சம் ஆகும். அதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் செலவாகப் போய் 6 சதவீதம் கிடைத்தால் 57 லட்சம். கால்வாசி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நாளை சந்தை என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த எண் உங்கள் கையில் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

ஏற்கனவே நாலைந்து பங்கு ஃபண்டுகள் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொன்றின் மாதாந்திரத் தகவல் தாளையும் திறந்து, முதல் பத்து நிறுவனங்களின் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு ஏழு பெயர்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் ஐந்து ஃபண்டு வைத்திருக்கவில்லை, ஒரே ஃபண்டை ஐந்து முறை வாங்கியிருக்கிறீர்கள். ஃபண்டுகளின் எண்ணிக்கை கூடுவதால் ஆபத்து பிரிந்துவிடாது. ஒரு பரந்த உள்நாட்டுப் பங்கு ஃபண்ட், ஒரு உலகப் பங்கு ஃபண்ட், ஒரு பத்திர ஃபண்ட், வேண்டுமென்றால் கொஞ்சம் தங்கம். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வேலை செய்யும் நிறுவனத்தின் பங்கு அதிகமாகச் சேர்ந்திருந்தால் அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. அதற்கு முன்பு அதன் ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்குகளில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. வேலையும் போனது, சேமிப்பும் சேர்ந்து போனது. நம் கம்பெனியைப் பற்றி நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அவர்களும் வைத்திருந்தார்கள்.

பணத்தை உள்ளே கொண்டுபோவது

சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி மாதத் தவணை போட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் போடலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது. மொத்தமாக ஒரு தொகை கையில் வந்தால்? சந்தைகள் இறங்கிய காலத்தைவிட ஏறிய காலம் அதிகம் என்பதால், உடனே முழுவதும் போட்டதே பெரும்பாலான நேரம் லாபமாக இருந்திருக்கிறது. ஆனாலும் போட்ட மறுமாதமே 20 சதவீதம் விழுந்து, பயந்து எல்லாவற்றையும் விற்றுவிடுகிற ஆள் நீங்கள் என்றால், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சமமாகப் பிரித்துப் போடுங்கள். பிரித்த பிறகு "இன்னும் இறங்கட்டும்" என்று ஒரு மாதத்தைக் கூடத் தள்ளிப்போடக் கூடாது, அதுதான் நிபந்தனை.

இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதி வையுங்கள்: இந்தப் பணம் எதற்கு, எந்த வருடம், பங்கு எவ்வளவு சதவீதம், பத்திரம் எவ்வளவு, எப்போது சரிபார்ப்பேன், எந்தக் காரணத்துக்காக மட்டும் மாற்றுவேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போடுங்கள். பதற்றத்தில் இருக்கும் நாளில், பதற்றமில்லாத நாளில் எழுதியதைப் படிக்க முடிவது பெரிய பலம்.

வருடத்துக்கு ஒரு முறை: ரீபேலன்ஸிங்

விலகிப்போன விகிதத்தை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதுதான் ரீபேலன்ஸிங். தொகுப்பைப் பராமரிப்பதில் உண்மையான வேலை இது ஒன்றுதான். 10 லட்சத்தை 60க்கு 40 என்று பிரித்தீர்கள்: 6 லட்சம் பங்கு, 4 லட்சம் பத்திரம். ஒரு வருடத்தில் பங்கு 30 சதவீதம் ஏறி 7.8 லட்சம் ஆனது, பத்திரம் 5 சதவீதம் ஏறி 4.2 லட்சம். மொத்தம் 12 லட்சம், நல்ல வருடம். ஆனால் பங்கு இப்போது 65 சதவீதம். நீங்கள் முடிவு செய்ததைவிட அதிக ஆபத்தை, முடிவு செய்யாமலேயே எடுத்துவிட்டீர்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. 60,000க்குப் பங்கை விற்றுப் பத்திரத்தில் போட்டால் 7.2க்கு 4.8, மீண்டும் 60க்கு 40. அல்லது எதையும் விற்காமல், புதிதாகப் போடும் ஒரு லட்சத்தை முழுக்கப் பத்திரத்தில் போட்டால் 7.8க்கு 5.2, அதுவும் 60க்கு 40. விற்றால் வரியும் வெளியேறும் கட்டணமும் வரலாம் என்பதால், புதுப்பணம் வந்துகொண்டிருக்கும் வரை இரண்டாவது வழியே மேல்.

கடினமான பக்கம் மற்றது. அதே தொகுப்பில் பங்கு 30 சதவீதம் விழுந்து 4.2 லட்சம் ஆகிவிட்டது, பத்திரம் 4.2 லட்சம். மொத்தம் 8.4 லட்சம், பங்கு 50 சதவீதம். இப்போது விகிதம் சொல்வது, 84,000க்குப் பத்திரத்தை விற்று, விழுந்து கிடக்கும் பங்கை வாங்கு என்று. செய்திகள் எல்லாம் எதிர்த்திசையில் கத்திக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய மனது வராது. செய்கிறவர்கள் மலிவாக வாங்குகிறார்கள். சந்தையின் அடிமட்டம் எது என்று கண்டுபிடிக்கும் திறமை இதற்குத் தேவையில்லை, எழுதி வைத்த எண்ணைப் பார்த்தால் போதும்.

வருடத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று விகிதம் 5 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ விலகியிருந்தால் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள். இடையில் ஆப்பைத் திறந்து பார்க்கப் பார்க்க ஏதாவது செய்யத் தோன்றும். முடிந்தால் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

லாபத்தைக் கணக்கிடும்போது கவனம். நீங்கள் மாதாமாதம் போட்ட பணமும் சேர்ந்துதான் மொத்தம் ஏறியிருக்கிறது. வெவ்வேறு தேதிகளில் போட்ட பணத்துக்கு உண்மையான ஆண்டு வருமானம் என்ன என்பதை எக்செல் மாதிரி விரிதாளில் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்ற சூத்திரம் சொல்லும். தேதிகளை ஒரு பத்தியிலும், போட்ட தொகைகளைக் கழித்தல் குறியோடு இன்னொரு பத்தியிலும், கடைசியில் இன்றைய மதிப்பையும் கொடுத்தால் போதும். அதை உங்கள் கலவைக்கு நிகரான குறியீடுகளோடு ஒப்பிடுங்கள், பக்கத்து மேசைக்காரரின் லாபத்தோடு ஒப்பிட வேண்டாம். அவர் நஷ்டத்தைச் சொல்லியிருக்க மாட்டார்.

விகிதத்தையே எப்போது மாற்றுவது?

சந்தை ஏறியதும் இறங்கியதும் காரணமாகாது. திருமணம், குழந்தை, வேலை மாற்றம், நோய் என்று வாழ்க்கை மாறினால் மாற்றலாம். அதோடு தேதி நெருங்கும்போது கட்டாயம் மாற்ற வேண்டும். 60 சதவீதம் பங்கோடு போய்க்கொண்டிருந்த பணம் இன்னும் எட்டு வருடத்தில் தேவை என்றால், அடுத்தடுத்த வருடங்களில் 50, 40, 25, 10 என்று இறக்கி, தேவைப்படும் தேதிக்கு மூன்று வருடம் முன்பே பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நன்றாக ஏறிக்கொண்டிருக்கிறதே, இன்னும் ஒரு வருடம் விடலாம் என்று அப்போது தோன்றும். கல்லூரிக் கட்டணம் சந்தைக்காகக் காத்திருக்காது. ஓய்வுக்காலப் பணம் மட்டும் விதிவிலக்கு: அது ஒரே நாளில் செலவாவதில்லை, அதன்பின் இருபது முப்பது வருடம் ஓட வேண்டியது. அதில் 30, 40 சதவீதம் பங்கு தொடர்ந்து இருக்கட்டும், அடுத்த சில வருடச் செலவுக்கான தொகை மட்டும் சந்தைக்கு வெளியே இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எல்லாக் கணக்குகளிலும் நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எந்தெந்த நிறுவனத்தில் என்ன கணக்கு, எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தது என்று ஒரு பட்டியல் போட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம், கணக்கு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.